ஏற்காட்டுச் சரிவில் வீடு: மூன்று மாதத் திட்டமிடல் தேவையா?

கேள்வி: ஏற்காட்டில் 15 சென்ட் சரிவு நிலம் வாங்கியிருக்கிறோம். பொறியாளர் திட்டமிடலுக்கே மூன்று மாதம் கேட்கிறார். மேஸ்திரியோ அடுத்த முகூர்த்தத்திலேயே கடைக்கால் தோண்டிவிடலாம் என்கிறார். தொடக்கத் திட்டமிடல் ஒரு கட்டுமானத்தின் வெற்றியை அவ்வளவு தூரம் தீர்மானிக்குமா?

பதில்:

தீர்மானிக்கும். ஆனால் உங்கள் பொறியாளர் அந்த மூன்று மாதத்தில் என்ன செய்யப்போகிறார் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் அவர் பக்கம் பேச எனக்கு மனமில்லை. சேலத்தில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கட்டடப் பணி செய்துவரும் நான், மலைமேல் ஒரே ஒரு முறை உங்கள் மேஸ்திரி சொல்வதைப் போல நடந்துகொண்டேன். அதைச் சொன்னால் உங்கள் கேள்விக்கான விடையில் பாதி வந்துவிடும்.

காபித் தோட்டத்தை ஒட்டிய சரிவில், தரைத்தளமும் முதல் தளமும் கொண்ட ஒரு விருந்தினர் இல்லம் கட்ட வேண்டியிருந்தது. மே மாதக் கோடை விழாவுக்கு முன் திறந்தாக வேண்டும் என்பது உரிமையாளரின் விருப்பம். நேரத்தை மிச்சப்படுத்துவதாக எண்ணிக்கொண்டு, சேலத்து அலுவலகத்தில் அமர்ந்து புலப்படத்தை வைத்தே வரைபடம் போட்டேன். புலப்படம் நிலத்தின் எல்லையையும் பக்க அளவுகளையும் சொல்லுமே தவிர, மேடு பள்ளத்தைச் சொல்லாது. நேரில் பார்த்தபோது பத்தடி இறக்கம் இருக்கும் என்று கண்ணால் மதிப்பிட்டிருந்தேன். வேலை தொடங்கி நீர்மட்டக் குழாய் பிடித்துப் பார்த்தபோது பதினைந்தடி இருந்தது.

ஐந்தடிதானே என்று தோன்றலாம். சரிவு மண்ணைத் தாங்கி நிறுத்தும் தடுப்புச் சுவர் அந்த இறக்கத்தின் உயரத்துக்கு எழ வேண்டும்; அதன்மேல் மண் செலுத்தும் விசை உயரத்தின் இருமடிக்கு ஏற்பவும், சுவரைக் கவிழ்க்கும் திருப்புத்திறன் உயரத்தின் மும்மடிக்கு ஏற்பவும் கூடுகின்றன. உயரம் ஒன்றரை மடங்கானால் விசை இரண்டே கால் மடங்காகவும், கவிழ்க்கும் திறன் ஏறத்தாழ மூன்றரை மடங்காகவும் ஆகிவிடும். ஆகவே சுவரின் அடிப்பாகத்தை அகலப்படுத்த வேண்டியதாயிற்று, அது கார் நிறுத்த ஒதுக்கியிருந்த இடத்தை விழுங்கியது, கார் வேறிடம் போனதால் படிக்கட்டு இடம் மாறியது. எஸ்டிமேட்டில் தடுப்புச் சுவருக்கு எழுதியிருந்த தொகையைப் போல மூன்று பங்கு அந்தச் சுவருக்கே செலவாயிற்று.

கடைக்கால் குழிகளும் எங்களை விட்டுவைக்கவில்லை. சேர்வராயன் மலை பெரும்பாலும் சார்னோகைட் பாறையால் ஆனது. அந்தப் பாறை சிதைந்து மண்ணாகும்போது, சிதையாத பகுதிகள் பெரிய உருண்டைக் கற்களாக மண்ணுக்குள்ளேயே தங்கிவிடுகின்றன. ஒரு குழியில் மூன்றடியில் கடப்பாரை கல்லில் மோதியது, பக்கத்துக் குழியில் ஒன்பதடி போயும் செம்மண்தான். ஒரு கட்டடத்தின் பாதி பாறையிலும் பாதி இளகிய மண்ணிலும் உட்கார்ந்தால், இரண்டும் வெவ்வேறு அளவில் இறங்கிச் சுவர்களில் சாய்ந்த விரிசல்கள் விழும். அதைத் தவிர்க்க, தூண்களின் இடம் முடிவாகிவிட்ட பிறகு அடித்தளத்தைப் புதிதாகக் கணக்கிட்டோம். நான்கு சோதனைக் குழிகளை முதலிலேயே தோண்டியிருந்தால் இரண்டு நாள் கூலியோடு இது தெரிந்திருக்கும்.

இவற்றையெல்லாம்விட எனக்கு உறைத்தது வேறொன்று. தடுப்புச் சுவர் பாதி எழும்பியிருந்த நேரத்தில், அதே ஊர்க்காரரான வயதான தொழிலாளி ஒருவர், "இந்தப் பக்கம் ஐப்பசியில ஊத்து எடுக்குமுங்க" என்று சாதாரணமாகச் சொன்னார். சுவருக்குப் பின்னால் நீர் தேங்கினால், அதன்மேல் விழும் அழுத்தம் மண் மட்டும் தருவதைப் போல இரு மடங்குக்கு மேலும் போகலாம். உடனே வேலையை நிறுத்தி, பின்புறம் ஜல்லி நிரப்பி, நீர் வடியத் துளைகள் விட்டோம். ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "யாரும் கேக்கலையே" என்றார். அவர் சொன்னது சரிதான். அந்த இல்லம் அடுத்த ஆண்டுக் கோடை விழாவுக்குத்தான் திறந்தது.

எனக்கு நேர்ந்தது புதிய கதையன்று. 1976இல் அமெரிக்கப் பொறியாளர் பாய்ட் பால்சன் ஒரு கட்டுரையில் இரண்டு வளைகோடுகளை வரைந்து காட்டினார். செலவை மாற்றியமைக்க நமக்கிருக்கும் வாய்ப்பு தொடக்கத்தில் மிக உயர்ந்து நின்று, நாள் செல்லச் செல்லச் சரிகிறது, செலவழிந்த பணமோ தொடக்கத்தில் மிகக் குறைவாக இருந்து பிறகு ஏறுகிறது. காகிதத்தில் ஒரு சுவரை நகர்த்த அழிப்பான் போதும், கான்கிரீட் இறுகிய பின் நகர்த்த உடைக்கும் கூலியும் புதிய கம்பியும் இழந்த நாட்களும் சேர்கின்றன. பின்னர், டெக்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து இயங்கும் கட்டுமானத் தொழில் ஆய்வு நிறுவனம், கட்டடங்களுக்கான திட்டம் எவ்வளவு தெளிவாக வரையறுக்கப்பட்டுள்ளது என்பதை 64 கூறுகளாகப் பிரித்து 1,000 புள்ளிகளில் மதிப்பிடும் முறையொன்றை உருவாக்கியது. புள்ளி குறையக் குறையத் தெளிவு கூடுகிறது என்று பொருள், 200க்குள் வந்த பிறகே விரிவான வடிவமைப்புக்கும் கட்டுமானத்துக்கும் போகலாம் என்பது அதன் பரிந்துரை. அந்த 1,000 புள்ளிகளில், வேலையை எப்படிச் செய்து முடிப்பது என்ற பகுதிக்கு 159 மட்டுமே ஒதுக்கியிருக்கிறார்கள். மீதி முழுவதும் எதற்காகக் கட்டுகிறோம், எந்த நிலத்தில், எந்த அடிப்படையில் வடிவமைக்கிறோம் என்பவற்றுக்கே. 15 சென்ட் வீட்டுக்கு 64 கூறுகளையும் நிரப்பச் சொல்ல மாட்டேன், அந்த விகிதத்தை மட்டும் கவனியுங்கள்.

எதற்காகக் கட்டுகிறோம் என்பது இடையில் மாறினால் என்னவாகும் என்பதற்கு நம் ஊரிலேயே பெரிய சான்று உண்டு. கஞ்சமலை இரும்புத்தாதுவை மனத்தில் வைத்துப் பேசப்பட்ட சேலம் உருக்காலைக்கு 1970இல் அடிக்கல் நாட்டப்பட்டது. என்ன உற்பத்தி செய்வது, எவ்வளவு செய்வது என்பவை மாறி, கடைசியில் துருப்பிடிக்காத எஃகுத் தகடுகளை உருட்டும் ஆலையாக அது உற்பத்தியைத் தொடங்கியது 1981இல். அரசியலும் நிதியும் அதில் கலந்திருந்தன என்பதால் உங்கள் வீட்டோடு நேராக ஒப்பிடக் கூடாதுதான். ஆனாலும் நடுவில் விருந்தினர் அறையை வாடகை விடுதியாக மாற்றலாமா என்று வீட்டில் பேச்சு எழுந்தால், அதே நோய் உங்கள் மனைக்கும் வந்துவிட்டது என்று கொள்ளுங்கள்.

இனி உங்கள் மூன்று மாதத்துக்கு வருவோம். உடைத்தால்தான் மாற்ற முடியும் என்ற நிலையில் உள்ள முடிவுகள் அனைத்தையும் முதலிலேயே முடித்துவிட வேண்டும்: நிலத்தின் மட்டங்கள், மண்ணின் தாங்குதிறன், மழைநீர் போகும் வழி, கழிவுநீர்த் தொட்டியின் இடம், பின்னாளில் மேல்தளம் எழுப்புவீர்களா என்பது. தரை ஓடு, கதவின் மரம், வண்ணம் ஆகியவற்றைத் திறந்தே விடலாம். அவற்றுக்காக ஒரு மாதத்தைத் தின்னும் பொறியாளர் திட்டமிடவில்லை, தள்ளிப்போடுகிறார்.

அனுமதி குறித்து நீங்கள் எதுவும் எழுதவில்லை, அதனால் சொல்கிறேன். ஏற்காடு மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் வரம்புக்குள் வருவதால், சமவெளியில் கிடைப்பதுபோல விரைவில் ஒப்புதல் கிடைக்காது. இடத்தைப் பொறுத்து வேளாண் பொறியியல், புவியியல் மற்றும் சுரங்கம், வனம் போன்ற துறைகளின் கருத்தும் கேட்கப்படுவது உண்டு. அந்தக் காத்திருப்பு எப்படியும் இருக்கிறது, அதற்குள் மேற்சொன்னவற்றை முடித்துக்கொள்வதே கெட்டிக்காரத்தனம். மூன்று மாதம் உண்மையில் குறைவாகவும் இருக்கலாம்.

சரக்கு வரும் வழியையும் இப்போதே நடந்து பாருங்கள். சேலத்திலிருந்து வரும் பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளை டிப்பர் லாரி ஏறிவிடும், உங்கள் மனைக்குத் திரும்பும் தோட்டத்துச் சந்தில் நுழையுமா என்பதுதான் கேள்வி. எனக்கு நுழையவில்லை. எம் சாண்டையும் ஜல்லியையும் சாலையோரம் கொட்டி, சிறிய வண்டிகளில் மறுபடி ஏற்றியதில் இரட்டைக் கூலி போயிற்று. கனமழையில் சாலையில் மண் சரிந்தால் குப்பனூர் வழியாகச் சுற்றி வர நேரும், ஆகவே கான்கிரீட் போடும் நாட்களை ஐப்பசி, கார்த்திகையில் வைக்காதீர்கள்.

மேஸ்திரியை எதிர்த்தரப்பாக நினைத்துவிட வேண்டாம். அவர் உள்ளூர்க்காரராக இருந்தால், வரைபடம் போடும் முன்னரே பொறியாளரோடு சேர்த்து நிலத்தில் நடக்கவையுங்கள், எந்தப் பக்கம் ஊற்று எடுக்கும் என்று கேளுங்கள். பொறியாளரிடம், முதல் மாத முடிவில் மட்ட அளவுகளும் சோதனைக் குழிகளின் விவரமும் எழுதிய தாளைக் கேளுங்கள். அதற்குப் பதிலாக வீட்டின் முகப்புப் படத்தை வண்ணத்தில் கொண்டுவந்து நீட்டினால் வேறு பொறியாளரைத் தேடுங்கள். முகூர்த்தத்தை விட மனமில்லையென்றால் அன்றைக்கு ஈசானிய மூலையில் பூமி பூஜையைப் போட்டுவிடலாம், அதற்கு மட்டம் பார்க்கத் தேவையில்லை.