அனுபவத்தை நம்புவதா, அறிவை நம்புவதா? எது உண்மை, எது சரி என்று எப்படி முடிவு செய்கிறீர்கள்?

அனுபவம்தான் பெரிது என்று முன்பெல்லாம் சொல்லியிருப்பேன், ஏனென்றால் நான் பார்த்த மிகப் பெரிய அனுபவசாலி என் தாத்தா. இலங்கையில் பதுளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து மலைச்சரிவில் எங்கள் லயம், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடு. ஐம்பது வருடம் அதே மலையில் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டியவர், எங்கே ஊற்று எடுக்கும், எந்தப் பாறையில் குளவி கூடு கட்டும் என்று படுத்துக்கொண்டே சொல்வார். லயத்தில் நாங்கள் இருந்த அறையான காம்பராவின் பின்சுவர் வெடித்தபோது, "நான் பார்க்காத வெடிப்பா" என்று சாந்து பூசிவிட்டார். அடுத்த மழைக்குப் பூசிய சாந்தே பிளந்து என் சுண்டுவிரல் உள்ளே போகிற அளவு ஆனது, கதவும் நிலையில் இடித்துக்கொண்டு சாத்த வரவில்லை. நான் அப்போது உயர்தரம் படித்துக்கொண்டிருந்தேன். கதவு இறுகுவது, மரம் சாய்வது, புது இடத்தில் கலங்கல் தண்ணீர் கசிவது எல்லாம் மண் நகர்வதன் அறிகுறி என்று சொன்னேன். "இந்த மலைய எனக்கே சொல்லிக் குடுக்குறியா" என்றார்.

2014 ஒக்டோபர் 29 காலையில் எங்கள் மாவட்டத்திலேயே கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் மண்ணோடு போயின. ஆபத்தான இடம் என்று முன்பே எச்சரிக்கப்பட்ட இடம் அது. அன்று ராத்திரி முழுக்கத் தாத்தா டார்ச் அடித்து வெடிப்பையே பார்த்துக்கொண்டிருந்தார், விடிந்ததும் "கோயிலுக்குப் போயிருவோம்" என்றார். ஐம்பது வருடம் மலை சரியவில்லை என்பதுதான் அவர் அனுபவம். சரிந்த மலைக்குக் கீழே இருந்தவர்கள் பலர் வந்து தங்கள் அனுபவத்தைச் சொல்ல மாட்டார்களே.

அப்புறம் கொழும்பில் வேலைக்கு வந்தபோது கூட இருந்த ஒருவர் கேட்டார்: எச்சரித்த பிறகும் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அங்கேயே இருந்தது தவறுதானே? கணக்காகப் பார்த்தால் அவர் பேச்சில் பிழை கண்டுபிடிக்க முடியாது. ஆனால் லயமும் எங்களுடையது இல்லை, நிலமும் எங்களுடையது இல்லை, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகாவிட்டால் அன்றைக்குப் பேர் இல்லை, கூலியும் இல்லை. கோயில் மண்டபத்தில் பதினோரு நாள் இருந்தோம். மழை விட்டதும் அதே காம்பராவுக்குத்தான் திரும்பினோம், போக வேறு இடமில்லை. மண் நகர்கிறது என்று புத்தகத்தைக் காட்டி வாதாடிய நானும் அந்தச் சுவரோரம்தான் பாயை விரித்தேன். அப்படிப் படுத்த ராத்திரிகள் மட்டும் இல்லாவிட்டால், அவர் கேட்டதையே நானும் வேறு யாரிடமாவது கேட்டிருப்பேன்.