கேள்வி: அமெரிக்க எல்லைப்புறத்தில் (மேற்கே அப்போது புதிதாகக் குடியேறிய பகுதிகளில்) நடக்கும் கிறிஸ்தவக் காதல் நாவல்கள் எல்லாம் ஒரே கதைதானே, ஏன் திரும்பத் திரும்பப் படிக்கிறார்கள்?

உங்கள் வீட்டில் அம்மாவோ மனைவியோ இந்தப் புத்தகங்களோடு உட்கார்ந்திருக்கிறார், அந்த எரிச்சலில் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அவரை விட்டுவிடுங்கள். நானும் அப்படி உட்கார்ந்திருந்தவள்தான்.

என் கணவர் மாரடைப்பில் போனபோது எனக்கு 34 வயது, மகளுக்கு நாலு. துக்கம் கேட்க வந்த சபையார் எல்லாரும் ‘கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்’ என்று யோபுவைச் சொன்னார்கள், நான் ஒரு மாதத்தில் தேறிவிட வேண்டும் என்றும் எதிர்பார்த்தார்கள். அப்போது கூட வேலை பார்த்த அக்கா ஒருவர் தந்ததுதான் ஜேனட் ஓக் 1979இல் எழுதிய ‘லவ் கம்ஸ் சாஃப்ட்லி’. மேற்கே பிழைக்கப் போன இடத்தில் மார்ட்டியின் கணவன் விபத்தில் இறந்துவிடுகிறான், அவள் வயிற்றிலோ குழந்தை. அடக்கம் நடந்த அன்றே கிளார்க் வந்து நிற்கிறான், மனைவியை இழந்தவன், தன் சின்ன மகளுக்கு ஒரு தாய் வேண்டும் என்கிறான். போதகர் அன்று போனால் வசந்தகாலத்தில்தான் திரும்புவார். பேருக்குக் கல்யாணம், வசந்தம் வந்ததும் அவள் ஊர் திரும்ப நினைத்தால் வழிச்செலவு அவனுடையது, அவன் மகளையும் அவள் கூட்டிப் போக வேண்டும், அவ்வளவுதான் பேச்சு.

மார்ட்டிக்குக் கடவுள்மேல் பிடிப்பே கிடையாது. கிளார்க் அவளைக் கட்டாயப்படுத்துவதில்லை, காலையில் சாப்பாட்டு மேசையில் வேதம் வாசித்து, தான் ஜெபிக்கிறான். அவள் அழுது தீர்க்கக் கதை அவளுக்கு ஒரு குளிர்காலம் முழுக்க நேரம் கொடுக்கிறது. எனக்கு யாருமே கொடுக்காத நேரம் அது.

இதெல்லாம் இலக்கியமா என்று கேட்க வருவார்கள், தெரியும். ஒரே அச்சில் வார்த்த நாவல்கள் நிறைய உண்டு, மறுக்கவில்லை. பலவற்றுக்கும் பின்னணி 1862ஆம் ஆண்டு ஹோம்ஸ்டெட் சட்டம்: 160 ஏக்கர் அரசு நிலம், ஐந்து வருடம் அங்கேயே குடியிருந்து பயிர் செய்தால் சொந்தம். அந்த மண்ணில் முன்பே வாழ்ந்த பூர்வகுடிகளைப் பற்றி இந்தக் கதைகள் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை, அது எனக்கும் உறுத்தும். ஆனால் அதே சட்டத்தில் கணவனை இழந்தவள் தன் பெயரிலேயே நிலம் பதியலாம். அதைப் படித்தபோது கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். எல்லாமே மென்மையான கதை என்றும் நினைக்க வேண்டாம், ஃபிரான்சின் ரிவர்ஸின் ‘ரிடீமிங் லவ்’ 1850இன் கலிபோர்னியா தங்க வேட்டைக் காலத்தில் நடப்பது, வேதத்தில் வரும் ஓசியா தீர்க்கதரிசியின் கதையை எடுத்துக்கொண்டு ஒரு விலைமகளின் வாழ்க்கையைச் சொல்கிறது. படித்து முடிக்க மனபலம் வேண்டும்.

அப்புறம் ஒன்று, கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். என் அண்ணன் மகள் கல்யாணத்தில் தாலித் தட்டை எல்லாரும் தொட்டு ஆசீர்வதித்தார்கள். என் வரிசை வந்ததும் தட்டு என்னைத் தாண்டி அடுத்தவரிடம் போயிற்று. ஜெபத்தோடு தொடங்கிய வீடு அது. விதவைகளை விசாரிப்பதே மாசில்லாத பக்தி என்று வேதத்தில் யாக்கோபு எழுதியதை அந்த வீட்டில் எல்லாரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். அண்ணனே பார்த்துக்கொண்டுதான் நின்றான், ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்று இரவு வீட்டுக்கு வந்து, புடவைகூட மாற்றாமல், அந்த அக்கா தந்த புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து மறுபடி படித்தேன்.