பாப் அல்ல, ரொபெர்டோ

அன்புள்ள ஐயா,

பழைய பேஸ்பால் பற்றி நீங்கள் எழுதுவதை விடாமல் படிக்கிறேன். பன்னிரண்டு வயது மகன் பள்ளி அணியில் ஆடுகிறான். அந்தக் கால ஆட்டக்காரர்களைப் பற்றிக் கேட்டுத் துளைக்கிறான். கிரிக்கெட்டில் வளர்ந்த எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பேப் ரூத், ஹாங்க் ஆரன், பாப் கிளெமென்டே (இவர் படம் போட்ட, சேகரிப்பவர்கள் வாங்கும் பழைய அட்டை ஒன்று வாங்கிக் கொடுத்தேன்) மூவரில் யார் பெரியவர்? 240 ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி) மட்டுமே அடித்த கிளெமென்டேயை நீங்கள் தூக்கி வைப்பது, உங்கள் பிட்ஸ்பர்க் அணிக்கு ஆடியவர் என்ற பாசம்தானே? பின்குறிப்பு: மகனுக்கு நீளமான தமிழ்ப் பெயர். டீமில் வாயில் நுழையட்டும் என்று நாங்களே ‘ஆண்டி’ ஆக்கிவிட்டோம்!

*

அன்புள்ள நண்பருக்கு,

யார் பெரியவர் என்ற பட்டிமன்றத்துக்கு நான் வரவில்லை. ஹோம் ரன் கணக்கில் ரூத் 714, ஆரன் 755. ரூத் ஆடிய காலத்தில் உச்ச மட்டமான மேஜர் லீக்கில் கறுப்பருக்கு இடமே இல்லை. அந்த 714ஐ ஒரு கறுப்பர் தாண்டப் போகிறார் என்றதும் ஆரனுக்குக் கொலைமிரட்டல் கடிதங்கள் குவிந்தன. இதைச் சொல்லிவிட்டுப் பையனிடம் எண்ணைச் சொல்லுங்கள், போதும். பிட்ஸ்பர்க் பாசமா என்றால், ஆமாம். அப்புறம் அந்த 240. ரைட் ஃபீல்டில், அதாவது மைதானத்தின் வலது கோடியில், அவர் கைக்குப் பந்து போனதும் ஓடத் தொடங்கியவன் அவர் எறிதலுக்குப் பயந்து அப்படியே நின்றுவிடுவானே, அதை எந்தக் கணக்கில் எழுதுவது?

ஆனால் ‘பாப்’ என்று எழுதினீர்களே, அதை விடமாட்டேன்.

அவர் பெயர் ரொபெர்டோ. போர்ட்டோ ரிக்கோவில் கரோலினா என்ற ஊர்க்காரர். பத்திரிகைக்காரர்களுக்கும் அட்டை அச்சடித்தவர்களுக்கும் ஒரு ‘ஓ’ கூடுதலாக இருந்தது பாரமாகிவிட்டது, ராபர்ட்டைச் சுருக்குகிற மாதிரி பாப் என்றார்கள். ரொபெர்டோ என்று சொல்லுங்கள் என்று அவர் கேட்டுக்கொண்ட பிறகும் எழுதினார்கள். போதாததற்கு அவர் பேசிய ஆங்கிலத்தை உச்சரிப்புப் பிழையோடு அப்படியே அச்சிட்டுச் சிரித்தார்கள். செத்த பிறகாவது விட்டார்களா? 1973இல் பேஸ்பால் புகழ்மன்றமான ஹால் ஆஃப் ஃபேமில் வைத்த பலகையில் ‘ரொபெர்டோ வாக்கர் கிளெமென்டே’. போர்ட்டோ ரிக்கோ வழக்கத்தில் அப்பா பெயர் முன்னால், அம்மா பெயர் பின்னால். கிளெமென்டே வாக்கர் என்றுதான் வரவேண்டும். திருத்த 2000ஆம் ஆண்டு ஆயிற்று.

எனக்கு இதில் ஏன் இவ்வளவு கோபம் என்றால், 1971 ஆகஸ்டில் பிட்ஸ்பர்க்குக்குப் படிக்க வந்து இறங்கியபோது இனிஷியலை விரித்து எழுதச் சொன்னார்கள், எழுதினேன், அப்பாவின் பெயர் எனக்குக் குடும்பப் பெயர் ஆகிவிட்டது. ராமசாமி என்று யாராவது கூப்பிட்டால் அப்பா எங்கே என்று திரும்பிப் பார்ப்பேன். பிறகு வேலைக்குப் போன இடத்தில் மேலாளர் அதையும் வெட்டி ‘சாம்’ என்றார். ஊரில் அம்மா வாயில் ஒருநாளும் வராத பெயர், அதில் பாதியைப் பிய்த்து என்னைக் காபி குடிக்கக் கூப்பிட்டார்கள். நானும் சிரித்துக்கொண்டே முப்பது வருஷம் போனேன். உங்களைத் திட்டுவதில் பாதி என்னைத் திட்டுவது.

வந்த இரண்டாம் மாதமே வேர்ல்ட் சீரிஸ், அந்த வருஷச் சாம்பியன் யார் என்று முடிவாகும் இறுதித் தொடர். ஏழாவது ஆட்டத்தில் பால்டிமோரை 2-1 என்று வென்றோம், கிளெமென்டே ஒரு ஹோம் ரன். விடுதி டிவியைச் சுற்றி இருபது பேர். ஆட்டம் முடிந்ததும் அவரிடம் மைக்கை நீட்டினார்கள். நாடே பார்த்துக்கொண்டிருக்கிறது, அந்த மனிதர் முதலில் ஸ்பானிஷில் ஏதோ பேசுகிறார். பக்கத்தில் இருந்த கொலம்பியா மாணவனைக் கேட்டேன். “அப்பா அம்மாவிடம் ஆசீர்வாதம் கேட்கிறார்” என்றான். அன்று இரவு அப்பாவுக்கு ஏரோகிராம் எழுதினேன். பேஸ்பால் என்றால் என்ன என்று விளக்கியே தாள் தீர்ந்துவிட்டது.

1972 செப்டம்பர் 30, சனிக்கிழமை, அவருடைய 3,000ஆவது ஹிட் (பந்தை அடித்துவிட்டு முதல் பேஸையாவது பத்திரமாக எட்டுவது). ஸ்டேடியத்தில் டிக்கெட் தாராளமாகக் கிடைத்தது. எனக்குத் துவைக்க வேண்டிய துணி ஒரு மூட்டை இருந்தது. அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று போகவில்லை. டிசம்பர் 31 இரவு, நிகரகுவா பூகம்பத்துக்கு அனுப்பிய சாமான்கள் ஜனங்களுக்குப் போய்ச் சேரவில்லை என்று கேள்விப்பட்டு அவரே விமானம் ஏறினார். போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவானிலிருந்து கிளம்பிய கொஞ்ச நேரத்தில் கடலில் விழுந்தது. வயது 38. உடல் கிடைக்கவே இல்லை. அந்த 3,000 அப்படியே நிற்கிறது.

சரி, உங்கள் பையன் விஷயம். ஆண்டி பழனியில் இருக்கிறார், அவருக்கு அது அழகு. பையனுக்கு வேண்டாம். வாயில் நுழையாது என்று யார் சொன்னது? யாஸ்ட்ரெம்ஸ்கி என்று பாஸ்டனில் ஒருவர் 23 வருஷம் ஆடினார், குழந்தைகள்கூடச் சொன்னார்கள்.

நீங்கள் வாங்கிக் கொடுத்த அந்த அட்டையில் ‘பாப்’ என்றுதான் இருக்கும். பையன் கையில் பேனா கொடுத்து அடித்துவிட்டு ரொபெர்டோ என்று எழுதச் சொல்லுங்கள். விலை போய்விடும் என்பீர்கள். போகட்டும்.