சிங்கப்பூரில் உட்கார ஓர் இடம்

மன்னார்குடியிலிருந்து ஒர்க் பெர்மிட்டில் சிங்கப்பூர் வரவிருக்கும் தம்பி, எவ்வளவு மிச்சம் பிடிக்கலாம், எந்த விடுதி நல்லது, ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கே போவது என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் இரண்டையும் பெரும்பாலும் உங்கள் முதலாளியே முடிவு செய்துவிடுவார். மூன்றாவதற்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

திருவாரூரில் திண்ணையும் ஓடம்போக்கி ஆற்றுப் படித்துறையும் இருந்தவரை, காசில்லாமல் உட்கார்ந்து பேச ஓர் இடம் தேட வேண்டிவரும் என்று நான் நினைத்ததே இல்லை. இங்கே வந்த புதிதில், லிட்டில் இந்தியா வட்டாரத்துத் தேக்காவில் நாள் முழுக்க நின்றே கால் கடுத்தது. ஊர்க்காரர்கள் கூடும் அறைக்குப் போனால் சோறு கிடைத்தது, கூடவே பணச் சீட்டுக்கு ஆள் சேர்ப்பதும், "எந்தத் தெரு?" என்ற விசாரிப்பும் வந்தன. அந்தக் கேள்வி எதற்கென்று டெல்டாக்காரருக்கு விளக்கத் தேவையில்லை. அங்கே சாப்பிடுங்கள், ஆனால் யாருடைய கடனுக்கும் உங்கள் பெர்மிட் அட்டையின் படத்தைக் கொடுக்காதீர்கள்.

நான் தெலுக் ஆயர் தெருவுக்குப் போகத் தொடங்கினேன். அங்கே நம் கரையிலிருந்து வந்த முஸ்லிம்கள் 1828-30இல் நாகூர் ஆண்டவர் நினைவாகக் கட்டிய தர்கா, இப்போது மரபுடைமை நிலையமாக இருக்கிறது. பக்கத்திலேயே, பத்திரமாகக் கடல் கடந்ததற்கு நன்றியாகச் சீனர்கள் எழுப்பிய தியான் ஹொக் கெங் கோயில். கடலைத் தூர்ப்பதற்கு முன் அந்தத் தெருவே கரையாக இருந்தது என்பதால், கப்பலிலிருந்து இறங்கியவர்கள் முதலில் வந்து நின்ற இடங்களில் இவையும் உண்டு. 2005இல் விக்டோரியா தெருவில் திறந்த தேசிய நூலகத்தில் தமிழ் நூல்களும் இருக்கின்றன. உட்கார்ந்து படிக்கக் கட்டணம் கிடையாது. அடுக்குமாடிகளின் கீழ்த்தளத் திறந்தவெளியில் மலாய்த் திருமணமும் சீனர் இழவும் நடக்கும். மற்ற நாள்களில் முதியவர்கள் அமர்ந்திருப்பார்கள். அங்கேதான் அண்டை வீட்டுச் சீனப் பெரியவரோடு அரைகுறை மலாயில் பேசிப் பழகினேன். அதில் எனக்குப் பெருமைதான். இங்கேயே தங்கிவிட்ட நம்மவரில் சிலர், தொழிலாளி அருகில் அமர்ந்தால் எழுந்துபோவார்கள். தங்கள் தாத்தா என்ன வேலைக்கு வந்தார் என்பதை அவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை போலும்.

மது மட்டும் வேண்டாம். 2015ஆம் ஆண்டுச் சட்டப்படி, லிட்டில் இந்தியாவில் வார இறுதிகளில் பொது இடத்தில் குடிப்பது குற்றம். புட்டியைத் திறந்தவர் நண்பராகவே இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.