சிலியில் ஏழு நாற்காலிகளும் ஓர் அளவுக் கரண்டியும்: கேள்வி பதில்

1970இல் தேர்தலில் வென்று, வாக்குச்சீட்டு வழியாகவே சோஷலிசத்துக்குப் போக முயன்றது சிலியின் சால்வடோர் அயெந்தே அரசு. 1973 செப்டம்பர் 11 ராணுவக் கவிழ்ப்பு வரை அதற்கு வடிவமைப்பாளர்கள் என்ன செய்து கொடுத்தார்கள் என்று நண்பர்கள் கேட்ட கேள்விகளும் என் பதில்களும்.

தோழர், அரசியலில் டிசைன் என்றால் போஸ்டர்தானே?

போஸ்டரும் உண்டு. லர்ரேயா சகோதரர்கள் அந்தக் காலத்தில் செய்த போஸ்டர்கள் இன்றும் கண்ணைக் கட்டிப் போடும். ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது பால் பவுடர் அளக்கும் கரண்டி. குழந்தைக்குத் தினம் அரை லிட்டர் பால் என்பது அயெந்தேயின் வாக்குறுதி. பவுடர் குறைந்தால் சத்து இல்லை, கூடினால் குழந்தையின் வயிறு தாங்காது. கரண்டி கையில் இருந்தால் தலைதட்டிப் போட்டால் போதும், கணக்கு வேண்டாம். வாக்குறுதி குழந்தையின் வயிற்றுக்குள் போய்ச் சேருவது அந்தக் கடைசி இடத்தில்தான்.

இதையெல்லாம் வடிவமைத்தது யார்?

ஜெர்மனியின் உல்ம் வடிவமைப்புக் கல்லூரியில் பாடம் நடத்தியவர் குய் பொன்சீப்பே. 1968இல் சிலிக்கு வந்தார். அரசின் தொழில்நுட்ப நிறுவனமான இன்டெக்கில் அவருடைய குழு விதைப்பு எந்திரம், மழலையர் பள்ளிக்கான நாற்காலி மேசை, மலிவான ரெக்கார்ட் பிளேயர் என்று இறங்கியது. அந்நியச் செலாவணி தட்டுப்பாடு, உதிரி பாகம் கிடைக்காது. உள்ளூர்ப் பட்டறையில் செய்ய முடிவதை மட்டுமே வரைய வேண்டிய நிலை.

சைபர்சின் அறையைப் பற்றிச் சொல்லுங்கள் ஐயா. ஏதோ விண்கலம் மாதிரி இருக்கிறதே!

அரசுத் தொழிற்சாலைகளைக் கம்ப்யூட்டர் உதவியோடு ஒருங்கிணைக்கும் திட்டம்தான் சைபர்சின், இது அதன் கட்டுப்பாட்டு அறை. அந்தப் படத்தைப் பார்த்துத்தான் எல்லோரும் மயங்குகிறார்கள். ஆறு பக்க அறை, வட்டமாக ஏழு ஃபைபர்கிளாஸ் சுழல் நாற்காலிகள். கீபோர்டு கிடையாது, கைப்பிடியில் பெரிய பொத்தான்கள். டைப் அடிக்கத் தெரியாதவரும் இயக்க வேண்டும் என்பது எண்ணம். ஆனால் சுவரில் தெரிந்த வரைபடங்களைக் கம்ப்யூட்டர் வரையவில்லை. இளம் பெண் வடிவமைப்பாளர்கள் கையால் வரைந்த ஸ்லைடுகள் அவை.

என் பார்வையில் நிஜமான டிசைன் அறைக்கு வெளியே இருந்தது. தொழிற்சாலைகள் டெலக்ஸில் (தட்டச்சு செய்த செய்தியைக் கம்பி வழியே அனுப்பும் கருவி) அனுப்பும் எண்களை சாந்தியாகோவில் இருந்த கம்ப்யூட்டர் சரிபார்க்கும். ஏதாவது எண் தாறுமாறாக இருந்தால் தகவல் முதலில் அந்தத் தொழிற்சாலைக்கே போகும். சரிசெய்ய அவர்களுக்கு அவகாசம் உண்டு. அதற்குள் முடியாவிட்டால்தான் மேலிடத்துக்குத் தெரியும். பிரிட்டிஷ் மேலாண்மை அறிஞர் ஸ்டாஃபர்ட் பீர் போட்ட திட்டம் இது. யாருக்கு முதலில் சொல்வது என்பதை முடிவு செய்வதும் வடிவமைப்புதான். அதில்தான் ஜனநாயகம் இருக்கிறது, நாற்காலியின் வளைவில் இல்லை.

அது வேலை செய்ததா, இல்லை காட்சிக்கு மட்டுமா?

அறை வெறும் முன்மாதிரியாகவே நின்றுவிட்டது. டெலக்ஸ் வேலை செய்தது. 1972 அக்டோபரில் லாரி உரிமையாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, எங்கே என்ன சரக்கு இருக்கிறது, எந்தச் சாலை திறந்திருக்கிறது என்று அரசு அதன் வழியாகத்தான் கேட்டு, இருந்த சொற்ப லாரிகளை அனுப்பியது. டெலக்ஸ் அன்றைக்கே பழைய சரக்கு என்பது வேறு விஷயம்!

எல்லாம் சரி, தொழிலாளி எங்கே?

இதைத்தான் கேட்க வேண்டும். தொழிலாளர்களும் அந்த நாற்காலிகளில் உட்காரலாம் என்று பீர் சொன்னார். ஆனால் எந்த எண்ணை அளப்பது என்று முடிவு செய்யத் தொழிற்சாலைக்குப் போன பொறியாளர்கள் பெரும்பாலும் நிர்வாகிகளிடம்தான் பேசிவிட்டு வந்தார்கள். லேத் முன்னால் நிற்பவருக்குத் தெரிந்தது படிவத்தில் ஏறவில்லை. கேட்காமல் விட்ட கேள்வியைப் பொத்தான் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் ஈடுகட்ட முடியாது.

இப்போது போய்ப் பார்க்க முடியுமா?

முடியாது. கவிழ்ப்புக்குப் பிறகு அழித்துவிட்டார்கள். படங்கள் இருக்கின்றன. நாற்காலியின் கைப்பிடியைப் பெரிதாக்கிப் பாருங்கள், பொத்தான்களோடு ஒரு சாம்பல் கிண்ணமும் இருக்கும்.