இருப்பு வைத்த வெங்காயம் ஆறே வாரத்தில் அழுகியது ஏன்?

கேள்வி: வணக்கம் ஐயா. ஒரு ஏக்கரில் நாற்று விட்டு வெங்காயம் நட்டேன். காய் நல்ல பருமன், விளைச்சலிலும் குறை இல்லை. அறுவடை சமயத்தில் விலை விழுந்து கிடந்தது. அதனால் பிடுங்கி இரண்டு நாள் வெயிலில் போட்டு, தாளை அறுத்து, சாக்கில் கட்டி, கொட்டகைத் தரையில் ஆறு சாக்கு உயரத்துக்கு அடுக்கிவிட்டேன். ஆறாவது வாரம் பிரித்தால் அடிச்சாக்குகள் கசிந்து நாற்றம் அடிக்கிறது. மேல்சாக்குகளில் பாதி முளை விட்டுவிட்டது. வெளியே நன்றாகத் தெரியும் காயை வெட்டினாலும் நடுவில் ஒரு அடுக்கு மட்டும் வெந்த மாதிரி இருக்கிறது. காய் இன்னும் பெருக்கட்டும் என்று நட்ட 65ஆம் நாள் யூரியா போட்டேன். பிடுங்குவதற்கு நான்கு நாள் முன்பு வரை தண்ணீர் விட்டேன். அடுத்த முறை குளிரூட்டிய அறை ஒன்று கட்டிவிடலாமா? இல்லை, வயலிலேயே விற்றுவிடுவதுதான் நல்லதா?

பதில்: வணக்கம். பாடுபட்டு விளைத்த காயைக் கொட்டகையில் பறிகொடுப்பது வயிற்றெரிச்சலான விஷயம். நீங்கள் ஒளிக்காமல் எழுதியிருப்பதால் காரணம் தெளிவாகவே தெரிகிறது. கொட்டகையிலும் குறை உண்டு. ஆனால் அந்தக் காய் கொட்டகைக்குள் வரும்போதே பாதி கெட்டுத்தான் வந்திருக்கிறது.

முதலில் அந்த ‘வெந்த அடுக்கு’. வெங்காயத்தின் ஒவ்வொரு அடுக்கும் மேலே இருந்த ஒரு தாளின் அடிப்பாகம்தான். தாளில் காயம் பட்டாலோ, பச்சையாக அறுபட்டாலோ, அந்த வாய் வழியாக அழுகல் பாக்டீரியா நுழைந்து நேராகக் கீழே இறங்கும். அந்த ஒரு தாளுக்குரிய அடுக்கு நீர்கோத்துக் குழைந்துவிடும். அடுத்த அடுக்கு சில நாள் வரை நன்றாகவே இருக்கும். அதனால்தான் வெளியே பார்த்தால் தெரிவதில்லை. அப்படி ஒரு காயை வேர்ப்பக்கம் பிடித்து அமுக்கினால் உள்ளே இருப்பது கழுத்து வழியே வழுக்கிக்கொண்டு வெளியே வரும். செய்து பாருங்கள்.

அந்த வாயைத் திறந்து வைத்தது கடைசி யூரியாவும் கடைசித் தண்ணீரும்தான். வெங்காயம் முற்றும்போது புதுத் தாள் விடுவதை நிறுத்திவிட்டு, தாளில் இருக்கும் சத்தைக் காய்க்கு இறக்கும். அப்போது கழுத்து தளர்ந்து தாள் தானாகச் சாயும், காய்ந்த கழுத்து மூடிக்கொள்ளும். அந்த நேரம் யூரியா வழியாகத் தழைச்சத்து கொடுத்தால் பயிர் திரும்பவும் தாள் விடப் போய்விடும். கழுத்து தடித்து, பச்சையாகவே நிற்கும். காய் பெருத்தது போலத் தெரிவது பெரும்பாலும் நீர்தான். அடுத்த முறை யூரியாவை நட்ட 45 நாளுக்குள் முடித்துவிடுங்கள். சாம்பல் சத்தில், அதாவது பொட்டாஷில், மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். காய் கெட்டியாவதற்கு அது தேவை.

தண்ணீரைப் பொறுத்தவரை, வெங்காய வேர் ஆழம் போகாது. காய் திரளும் வரை அளவாகவும் அடிக்கடியும் கொடுக்க வேண்டியதுதான். ஆனால் அறுவடைக்கு 10 முதல் 15 நாள் முன்பு நிறுத்திவிட வேண்டும். களிமண் என்றால் இன்னும் கொஞ்சம் முன்னதாகவே. வயலில் பாதிக்கு மேல், முக்கால்வாசிக்குள் தாள் சாய்ந்ததும் பிடுங்கலாம். சிலர் சீக்கிரம் சாயட்டும் என்று மிதித்துவிடுகிறார்கள். அது தாளை நசுக்கிக் காயம் உண்டாக்கும் வேலை, செய்யாதீர்கள்.

அடுத்தது உலர்த்தல். நீங்கள் சறுக்கிய முக்கியமான இடம் இது. இரண்டு நாள் போதவே போதாது. பிடுங்கியதை வரிசையாகப் படுக்க வைத்து, ஒரு வரிசைக் காயை அடுத்த வரிசையின் தாள் மூடும்படி மூன்று முதல் ஐந்து நாள் வயலில் விடுங்கள். காய் நேர் வெயிலில் கிடந்தால் தோல் வெந்து அந்த இடம் பின்னால் அழுகும். அதன் பிறகு, தாளை அறுக்காமலே, காற்றோட்டமான நிழலில் பத்துப் பதினைந்து நாள் பரப்பி வையுங்கள். மழைக்காலம் என்றால் இன்னும் கூடுதலாக ஆகும்.

போதுமா என்று பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். கழுத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து உருட்டிப் பாருங்கள். உள்ளே ஏதோ வழுக்குவது போல இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. நன்றாகக் காய்ந்த கழுத்து காகிதம் போல இருக்கும், மேல்தோல் கையில் சலசலக்கும், வேர் தொட்டால் ஒடியும். அப்போதுதான் கத்தரிக்கோலை எடுக்க வேண்டும். அதுவும் காயை ஒட்டி வெட்டக் கூடாது. ஒரு அங்குலக் கழுத்தை விட்டு வெட்டுங்கள். இந்த வேலையில் எடை கொஞ்சம் குறையும். அது எப்படியும் போக வேண்டிய நீர், அதற்காக வருந்த வேண்டாம்.

சரி, எதை இருப்பு வைப்பது? எல்லாவற்றையும் அல்ல. இரட்டைக் காய், பூத்தண்டு வந்த காய், தடித்த கழுத்து, மண்வெட்டி பட்டது, மிகப் பெரியது இவை எல்லாம் விலை எப்படி இருந்தாலும் உடனே விற்க வேண்டியவை. ‘சேர்ந்தே கிடக்கட்டும்’ என்று விட்டால் ஒரு காயின் கசிவு பக்கத்தில் உள்ள பத்தைக் கெடுக்கும். நடுத்தர அளவில், கழுத்து மெலிந்த, தோல் உரியாத காய் மட்டும் பட்டறைக்கு, அதாவது வெங்காயம் இருப்பு வைக்கும் மூங்கில் கொட்டகைக்கு, போகட்டும். வெள்ளை ரகத்தைவிடச் சிவப்பு ரகம் பொதுவாக நாள்பட நிற்கும். மழைக்காலத்தில் விளைந்த காயை நீண்ட நாள் வைக்க ஆசைப்படாதீர்கள்.

குளிரூட்டிய அறையை இப்போதைக்கு மறந்துவிடலாம் என்பதுதான் என் கருத்து. வெங்காயம் 0 டிகிரியை ஒட்டிய குளிரிலும் தூங்கும், 25 முதல் 30 டிகிரிச் சூட்டிலும் தூங்கும். இரண்டுக்கும் நடுவில், முக்கியமாக 10 முதல் 20 டிகிரிக்குள், விழித்துக்கொண்டு முளைவிடும். அரைகுறைக் குளிர் அறை முளைப்பை வேகப்படுத்தத்தான் உதவும். முழுக் குளிரில் வைத்தாலும், வெளியே எடுத்ததும் வியர்த்துவிடும். அந்த ஈரத்தில் கரும்பூஞ்சணம் பிடிக்கும். ஒரு ஏக்கர் வெங்காயத்துக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகாது.

காற்று புகும் பட்டறையே போதும். தரையிலிருந்து ஒன்றரை முதல் இரண்டு அடி உயரத்தில் மூங்கில் தளம் போட்டு, பக்கங்களிலும் இடைவெளி விட்டு மூங்கில் கட்டுங்கள். அகலம் நான்கு அடியைத் தாண்ட வேண்டாம், காய்க் குவியலின் உயரமும் அதே அளவு இருக்கட்டும். நீளமான பக்கம் காற்று வரும் திசையைப் பார்க்க வேண்டும். மேலே ஓலையோ வைக்கோலோ வேய்ந்து, சாரல் அடிக்காதபடி இறக்கிவிடுங்கள். தகரம் போட்டால் உள்ளே வெந்துவிடும். சாக்கை அடுக்கும்போது காற்று எங்கும் போவதில்லை. அதோடு அடிச்சாக்கு தரை ஈரத்தையும் மேலே உள்ள பாரத்தையும் தாங்கியது. அதனால்தான் அதில் முதலில் கசிவு வந்தது. கூடையிலிருந்து கொட்டும்போது உயரத்திலிருந்து போடாதீர்கள். இன்று விழுந்த அடி மூன்றாவது வாரம் அழுகலாகத் தெரியும். பதினைந்து நாளுக்கு ஒரு முறை காலையில் பட்டறை அருகே நின்று மோந்து பாருங்கள். கண்ணுக்கு முன்னால் மூக்கு சொல்லிவிடும்.

இனி விற்பனை. வைப்பதா, விற்பதா என்பதை மனக்கணக்கில் முடிவு செய்யாதீர்கள். பட்டறையில் ஏற்றும் அன்று மூன்று வலைப்பைகளில் காயை நிரப்பி, எடை எழுதி, குவியலின் அடி, நடு, மேல் பகுதிகளில் எட்டும் ஓரமாக வையுங்கள். பதினைந்து நாளுக்கு ஒரு முறை எடுத்து, அழுகியதைத் தள்ளிவிட்டு எடை போடுங்கள். 100 கிலோ 75 ஆகிவிட்டது என்றால், அறுவடை நாள் விலையைவிட மூன்றில் ஒரு பங்கு விலை ஏறினால்தான் போட்ட காசே வரும். பட்டறைச் செலவும் கூலியும் அதற்கு மேல். 100 கிலோ 90 ஆக நின்றால், விலை ஒன்பதில் ஒரு பங்கு ஏறினாலே போதும். இவ்வளவு வித்தியாசமும் உலர்த்தலில் இருந்து வருவது. கடன் கட்ட வேண்டிய அளவுக்கு அறுவடையிலேயே விற்றுவிட்டு, மீதியை இரண்டு மூன்று தவணையாக எடுங்கள். உச்ச விலைக்காக மொத்தத்தையும் பிடித்து வைப்பதை நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். தரம் பிரித்து அனுப்பினால் பெரிய காய்க்கும் சிறிய காய்க்கும் தனித்தனி விலை பேசலாம். பக்கத்து வயல்காரர்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு வண்டி நிரப்பினால் ஏற்றுக்கூலி குறையும். வியாபாரியிடம் பேசும் பலமும் கூடும்.

இப்போது கையில் இருப்பதை இன்றே சாக்கிலிருந்து கொட்டிப் பரப்புங்கள். முளை விட்டதை இந்த வாரமே விற்றுவிடுங்கள். அழுகியதை வயலில் கொட்டாமல் தள்ளிக் குழி தோண்டிப் புதையுங்கள். அப்புறம் ஒன்று: அழுகிய காய்களில் வேர்ப்பக்கம் வெள்ளைப் பூஞ்சணத்தோடு குழைந்திருக்கிறதா என்று பத்துக் காயாவது திருப்பிப் பாருங்கள். இருந்தால் அது அடியழுகல், மண்ணிலேயே தங்கிவிடும் நோய். அப்படியானால் அந்த வயலில் மூன்று நான்கு ஆண்டு வெங்காயமும் பூண்டும் வைக்காமல், ஒரு தானியப் பயிருக்கு மாறிவிடுங்கள். பார்த்துவிட்டு எழுதுங்கள்.