விசாரணை அறிக்கை வரும்வரை இழப்பீட்டுக்குக் காத்திருக்க வேண்டுமா?

கேள்வி: சிங்கப்பூரில் உள்ள என் தங்கை வீட்டுக்குச் சென்றிருந்த எழுபது வயது அம்மா, விமானத்தில் திருச்சிக்குத் திரும்பும்போது காற்றுக் கொந்தளிப்பில் தூக்கியெறியப்பட்டு இடுப்பெலும்பு முறிந்தது. பதினான்கு மாதங்களாகியும், அரசு விசாரணை அறிக்கை வந்த பிறகே இழப்பீடு பற்றிப் பேச முடியும் என்கிறது விமான நிறுவனம். இதற்கிடையில் ஒரு வழக்கறிஞரின் தரகர் வீடு தேடி வந்து, கறுப்புப் பெட்டிப் பதிவை வாங்கி வழக்கை முடித்துத் தருவதாகவும், வரும் தொகையில் முப்பது விழுக்காடு தந்தால் போதும் என்றும் சொல்லி வக்காலத்தில் கையெழுத்துக் கேட்கிறார். என்ன செய்வது? — வாசகர், கும்பகோணம்

பதில்: காத்திருக்கவும் வேண்டாம், கையெழுத்திடவும் வேண்டாம்.

விபத்து விசாரணையும் இழப்பீடும் வெவ்வேறு சட்டங்களின்கீழ் நடப்பவை. விசாரணையை நம் நாட்டில் 2012இல் தொடங்கப்பட்ட விமான விபத்துப் புலனாய்வுப் பணியகம் நடத்துகிறது. சம்பவம் எந்த நாட்டின் எல்லைக்கும் உட்படாத நடுக்கடலின் மேல் நிகழ்ந்திருந்தால், விமானம் பதிவு செய்யப்பட்ட நாடு அதை நடத்தும். இனி இப்படியொரு விபத்து நேராமல் தடுப்பது ஒன்றே அதன் நோக்கம், எவர்மீதும் பழியோ பொறுப்போ சுமத்துவது அன்று என்று பன்னாட்டுச் சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் 13ஆவது இணைப்பும் நமது விதிகளும் ஒரே குரலில் சொல்கின்றன. ஆகவே உங்கள் அம்மாவுக்கு யார் பணம் தர வேண்டும் என்று அந்த அறிக்கையில் ஒரு வரிகூட இராது. இல்லாத அந்த வரிக்காகத்தான் உங்களைக் காக்க வைத்திருக்கிறார்கள்.

இழப்பீட்டுக்குரியது 1999ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் உடன்படிக்கை; இந்தியாவில் அது 1972ஆம் ஆண்டின் விமானவழிப் போக்குவரத்துச் சட்டத்தின் வாயிலாக நடைமுறையில் உள்ளது. விமானம் சேருமிடத்தை அடைந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடராவிட்டால் உரிமையே அழிந்துவிடும். தாமதத்துக்குக் காரணம் காட்டி மன்னிப்புக் கேட்கலாம் என்று நம்பியிருப்பது ஆபத்து. விசாரணை அறிக்கையோ கூடுமானவரை 12 மாதங்களில் வெளிவர வேண்டும் என்பது ஏட்டளவிலான எதிர்பார்ப்பு. வராவிட்டால் ஆண்டு நிறைவு நாளில் இடைக்கால அறிக்கை வெளியிட வேண்டும். விமான நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் இயக்குநரகமும், விபத்தை ஆராயும் பணியகமும் ஒரே அமைச்சகத்தின் குடையின்கீழ் இருக்கும்வரை, அந்த அமைச்சகத்தின் குறைகளையும் எழுதவேண்டிய அறிக்கை விரைந்து வெளிவரும் என்று நான் எதிர்பார்ப்பதில்லை. நீங்களும் எதிர்பார்க்க வேண்டாம்.

“இது விபத்தே அன்று, வெறும் சம்பவம்” என்றும் உங்களிடம் சொல்லக்கூடும். இங்கே ஒரு விதிவிலக்கை விளக்கியே ஆக வேண்டும். விசாரணை விதிகளின்படி, பயணி ஒருவருக்குக் கடுங்காயம் ஏற்பட்டாலே அது விபத்து. எலும்பு முறிவு கடுங்காயம்தான். ஆனால் கை விரல், கால் விரல், மூக்கு ஆகியவற்றில் ஏற்படும் சாதாரண முறிவு அதில் சேராது. மூக்கு உடைந்தாலும் அந்த ஒன்றை மட்டும் வைத்து விபத்து என்று பதிவு செய்யமாட்டார்கள். அதே காயத்துக்காக, நிகழ்ந்த நாளிலிருந்து ஏழு நாட்களுக்குள் மருத்துவமனையில் சேர்ந்து 48 மணி நேரத்துக்கு மேல் தங்க நேர்ந்தால் அது கடுங்காயமாகிவிடும். இடுப்பெலும்புக்கு இந்தக் குழப்பமே இல்லை. இவ்வளவும் விசாரணைக்கான வரையறை மட்டுமே. இழப்பீட்டுச் சட்டத்தில் விபத்து என்பது பயணியின் உடலுக்கு வெளியே நிகழ்ந்த, எதிர்பாராத, வழக்கத்துக்கு மாறான நிகழ்ச்சி. ஆளைத் தூக்கியெறியும் கொந்தளிப்பு அதற்குப் பொருந்தும்.

இனி உங்கள் வீட்டுக்கு வந்தவரைப் பற்றி. கறுப்புப் பெட்டியில் உள்ள விமானி அறைக் குரல் பதிவை விசாரணைக்கு அப்பால் வெளியே தரக்கூடாது என்பது விதி. அதைத் தளர்த்தும் அதிகாரம் எந்தத் தரகருக்கும் கிடையாது. மேலும், பல விமானங்களில் அப்பதிவு கடைசி 2 மணி நேரத்தை மட்டுமே வைத்திருக்கும். தரையிறங்கியபின் உடனே நிறுத்தி எடுக்காவிட்டால், பழையதன்மேல் புதியது பதிந்துவிடும். இல்லாமலே போயிருக்கக்கூடிய ஒன்றை விற்க வந்திருக்கிறார். முப்பது விழுக்காடு பங்கும் அப்படித்தான். வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதையும், கிடைக்கும் தொகையில் பங்கு கேட்பதையும் இந்திய வழக்கறிஞர் கழக விதிகள் தடை செய்கின்றன. ஒரு வழக்கறிஞர் செய்யக்கூடாததை, வழக்கறிஞரே அல்லாதவர் அவர் பெயரில் செய்ய வந்திருக்கிறார் என்றால் மேற்கொண்டு யோசிக்க என்ன இருக்கிறது? விமான நிறுவனம் மருத்துவச் செலவைத் தருகிறோம் என்று நீட்டும் தாளிலும் “முழுமையான இறுதித் தீர்வு” என்ற சொற்கள் இருந்தால் கையெழுத்திடாதீர்கள்.

தொகையைப் பற்றியும் ஆசை காட்டியிருப்பார். 2024 டிசம்பர் 28 முதல் உடன்படிக்கையின் வரம்பு 1,51,880 எஸ்.டி.ஆர். (பன்னாட்டு நிதியத்தின் கணக்கு அலகு), அதாவது ஒன்றே முக்கால் கோடி ரூபாயை ஒட்டிய தொகை. அந்த வரம்புவரை நிறுவனம் தன் தவறில்லை என்று சொல்லித் தப்ப முடியாது; அதற்கு மேல் கேட்கும் தொகைக்குத்தான் அப்படி வாதிட முடியும். ஆனால் அது தானாக வரும் தொகை அன்று. மங்களூரில் 2010 மே 22 அன்று 158 பேர் மாண்ட விபத்துக்குப் பின், குறைந்தது 75 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று கேரள உயர்நீதிமன்றத்தின் ஒரு நீதிபதி 2011இல் தீர்ப்பளித்தார். இழப்பை நிரூபிக்க வேண்டும் என்று கூறி இரு நீதிபதிகள் அமர்வு அதை அதே ஆண்டில் மாற்றிவிட்டது. அதே விபத்தில் இறந்த ஒருவரின் குடும்பத்துக்கு, அவருடைய சம்பளத்தைக் கணக்கிட்டு 7.64 கோடி ரூபாயை 2020இல் உச்ச நீதிமன்றம் வழங்கியது. எனவே மருத்துவமனைச் சீட்டுகள், எக்ஸ்ரே, இயன்முறைச் சிகிச்சை ரசீதுகள், வீட்டில் வைத்த உதவியாளரின் சம்பளக் கணக்கு எல்லாவற்றையும் சேருங்கள். அப்போது இருக்கைப் பட்டை அணியும்படி விளக்கு எரிந்ததா, அம்மா அணிந்திருந்தாரா என்பதை அவருடைய சொற்களிலேயே இப்போதே எழுதி வையுங்கள். அவர் கவனக்குறைவாக இருந்தார் என்று நிறுவனம் நிரூபித்தால் தொகை குறையும். முதலில் கேட்கப்போகும் கேள்வியே அதுதான்.

பயணம் திருச்சியில் முடிவதால் இந்தியாவிலேயே வழக்குத் தொடரலாம். அம்மா உங்களுடன் வசிக்கிறார் என்றால் தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுச் செய்யலாம். கேட்கும் இழப்பீட்டை அன்றி, கொடுத்த பயணக் கட்டணத்தை வைத்தே அதன் அதிகார வரம்பு கணக்கிடப்படுகிறது. பயணக் கட்டணம் 5 லட்சம் ரூபாய்க்குள் இருப்பதால் மனுக் கட்டணமும் இல்லை. விமான நிறுவனத்துக்கு இந்த வாரமே பதிவுத் தபாலில் அறிவிப்பு அனுப்பி முப்பது நாள் கெடு கொடுங்கள். பதில் வந்தாலும் வராவிட்டாலும், மீதமுள்ள பத்து மாதங்களைக் கடைசி வாரம்வரை இழுக்காமல் அதற்கடுத்த மாதமே மனுவைத் தாக்கல் செய்யுங்கள்.